பாரதக் கலைச்செல்வத்தின் காவலர் ஆனந்த குமாரசுவாமி

காகிதம் மிக மெலிந்த பொருள். வெயில் பட்டால் பழுத்துப்போகும். ஈரம் பட்டால் பூஞ்சை படரும். கவனிப்பாரற்றுக் கிடந்தால் கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாகிவிடும். கற்சிலை ஆயிரம் ஆண்டு மண்ணில் புதைந்து கிடந்தாலும் மீண்டு எழும். காகிதத்தில் வரைந்த கோட்டோவியம் ஒரு மழைக்காலத்துக்குள் மறைந்துபோகக் கூடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜஸ்தானத்திலும் பஞ்சாபின் மலைநாடுகளிலும் ஓவியர் குடும்பங்களின் வீடுகளிலும் வணிகர்களின் கடைகளிலும் இத்தகைய படங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றின் அருமையை அறிந்தவர் சிலரே. அவற்றைத் தேடித் திரட்டி, உலகத்தார்க்கு உணர்த்தி, முப்பது ஆண்டுகள் காத்து நின்றவர் ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி. அந்தக் காவற்பணியை அவர் செய்ய நேர்ந்த இடமோ பாரதம் அன்று. கடல் கடந்த பாஸ்டன் நகரம்.

பிறப்பும் கல்வியும்

1877 ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பில் ஆனந்தர் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர்களிடையே பெரும்புகழ் பெற்றவர், சட்டசபை உறுப்பினர், இங்கிலாந்தில் பாரிஸ்டரான முதல் இந்து. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்திலும், பாலி மொழியின் சுத்த நிபாதத்தின் ஒரு பகுதியை ஆங்கிலத்திலும் பெயர்த்தவர். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் புதல்வர்கள். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண்மணி.

1879-இல் தாயார் குழந்தையை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். பின்னர்ப் புறப்பட இருந்த தந்தையார் அவ்வாண்டு மே மாதத்திலேயே கொழும்பில் காலமானார். இவ்வாறு தந்தையின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வயது வருமுன்னரே ஆனந்தர் தந்தையையும் தந்தையின் நாட்டையும் இழந்தார். குளௌஸ்டர்ஷயரில் உள்ள வைகிளிஃப் பள்ளியில் படித்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, 1900-இல் பட்டம் பெற்றார். கலை வரலாறு அவர் கல்லூரியில் கற்ற பாடம் அன்று. அவர் கற்றவை கல்லும் செடியும்.

கல்லிலிருந்து கலைக்கு

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு அவர் இயக்குநராக இருந்தார். 1904-இல் அவர் கண்டெடுத்த ஒரு புதிய கனிமம் தோரியனைட் என்னும் பெயரால் அறிவியல் உலகில் இடம்பெற்றது. 1906-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அறிவியல் துறையிலேயே நிலைத்திருந்தால் உயர்ந்த பதவிகள் அவரைத் தேடி வந்திருக்கும்.

ஆனால் கனிமங்களைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்ற அவர் கண்ணில் வேறொன்று பட்டது. கொல்லர், தச்சர், குயவர், நெசவாளர், கோயிற்சுவர்களில் சித்திரம் தீட்டுவோர் ஆகியோரின் பரம்பரைத் தொழில்கள் ஒவ்வொன்றாய் அழிந்துகொண்டிருந்தன. சீமையிலிருந்து இறங்கிய மலிவுப் பொருள்கள் கைத்தொழிலின் சோற்றைப் பறித்தன; அதைவிடக் கொடியதாக, படித்த மக்களே தம் நாட்டுப் பொருளை இழிவாக எண்ணத் தொடங்கியிருந்தனர். 1905-இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அவர் முன்னின்று அமைத்தார். பின்னர் அழிந்துவரும் கலைகளையெல்லாம் நேரில் கண்டு பதிவு செய்து, இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை 1908-இல் வெளியிட்டார். அவருடைய முதல் மனைவி எத்தெல் எடுத்த நிழற்படங்கள் அந்நூலுக்குத் துணைசெய்தன. வில்லியம் மோரிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே கையச்சுப் பொறியில், குமாரசுவாமியின் மேற்பார்வையிலேயே, 425 படிகள் மட்டும் அச்சாயின.

நிலவியலாரின் பழக்கம் அவரை விட்டு அகலவில்லை. ஒரு கல்லைக் கண்டால் அது எந்தப் படுகையைச் சேர்ந்தது, எந்தப் பாறையிலிருந்து பெயர்ந்து வந்தது, அதனோடு இருந்த மற்றவை யாவை என்று கேட்பது நிலவியல். அந்தக் கேள்விகளையே அவர் பின்னாளில் ஓவியங்களிடமும் கேட்டார்.

நிவேதிதையின் நூல்

சுதேசி இயக்கம் கொந்தளித்த காலத்தில் அவர் பாரதம் வந்தார். கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கிப் பழகினார். அரசியல் விடுதலை மட்டும் போதாது, கண்ணும் கையும் கருத்தும் விடுதலை பெறவேண்டும் என்பதே அக்காலத்தில் அவர் எழுதிய கட்டுரைகளின் சாரம். கலையும் சுதேசியமும் பற்றிய அவரது நூல் சென்னையில் வெளியாயிற்று. தில்லை நடராஜப் பெருமானின் ஆடலைப் பற்றி அவர் எழுதிய உலகப்புகழ் பெற்ற கட்டுரையும் முதன்முதலில் 1912-இல் சென்னையின் சித்தாந்த தீபிகை இதழிலேயே வெளிவந்தது.

சகோதரி நிவேதிதையின் நட்பும் இக்காலத்தில் அவருக்கு வாய்த்தது. இந்து, பௌத்தப் புராணக் கதைகளை ஆங்கில வாசகர்களுக்குத் தொகுத்தளிக்கும் நூலொன்றை நிவேதிதை எழுதிவந்தார். 1911 அக்டோபர் 13-ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் மறைந்தபோது நூல் பாதியில் நின்றது. எஞ்சிய பகுதிகளை எழுதி முடிக்கும் பொறுப்பைக் குமாரசுவாமி ஏற்றார். அவனீந்திரநாத் தாகூரின் மேற்பார்வையில் பாரத ஓவியர்கள் தீட்டிய 32 வண்ணப் படங்களுடன் 1913-இல் அந்நூல் லண்டனில் வெளிவந்தது. பிறர் விட்டுச்சென்ற பணியைத் தம் பணியாக ஏற்று நிறைவு செய்யும் இந்த இயல்பு காப்பாட்சியர் ஒருவருக்கு இன்றியமையாதது.

கோடுகளைத் தேடி

அன்றைய ஐரோப்பியப் புலவர் பலர் பாரதத்தில் நுண்கலை என்பதே இல்லை என்று கருதினர். 1910 ஜனவரியில் லண்டனின் கலைச் சங்கக் கூட்டமொன்றில், சென்னையிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் கலைப்பள்ளித் தலைவராக இருந்த ஹாவெல் பாரதக் கலையின் பெருமையை எடுத்துரைத்தார். தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்டுவுட், தியானத்தில் அமர்ந்த புத்தர் திருவுருவத்தை வேகவைத்த கொழுப்புப் பண்டம் ஒன்றுக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். அந்த இகழ்ச்சி வீண்போகவில்லை. அவ்வாண்டே லண்டனில் இந்தியச் சங்கம் தோன்றியது. குமாரசுவாமி அதன் முன்னோடிகளுள் ஒருவரானார். பாரதத்துக் கோட்டோவியங்களைப் பற்றி 1910-இலும் 1912-இலும் அவர் வெளியிட்ட இரு தொகுதிகள் அச்சங்கத்தின் தொடக்ககால வெளியீடுகள்.

1910-இன் இறுதியில் அலகாபாத்தில் நடந்த பெரும் பொருட்காட்சியில் கலைப்பகுதியை அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பொருட்டும் தம் ஆர்வத்தின்பொருட்டும் வடபாரதமெங்கும் அவர் சுற்றினார். முடிவுற்ற வண்ண ஓவியங்களை மட்டும் அவர் வாங்கவில்லை. பிறர் கழித்துக் கட்டிய முன்வரைவுகள், பாதியில் நின்ற படங்கள், படியெடுக்கப் பயன்பட்ட தோல்கள் ஆகியவற்றையும் சேர்த்தார்.

இவற்றின் அருமையை உணர, அக்கால ஓவியர் பணிசெய்த முறையை அறியவேண்டும். காகிதத்தில் முதலில் செந்நிறத்தாலோ கரியாலோ மெல்லிய கோடுகள் இடப்படும். அதன்மேல் வெள்ளை மெழுக்கு ஒன்று பூசப்படும். அடியில் மங்கலாகத் தெரியும் கோட்டைப் பின்பற்றி, தூரிகையால் உறுதியான கோடு மீண்டும் வரையப்படும். பின்னர் வண்ணங்கள் அடுக்கடுக்காக ஏறும்; இடையிடையே படத்தைக் கவிழ்த்து வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். சிறந்த வரைவு ஒன்றைப் பாதுகாக்க, ஒளி ஊடுருவும் மெல்லிய மான்தோலை அதன்மேல் வைத்துப் படியெடுத்து, கோடுகள் நெடுக ஊசியால் துளையிடுவர். அத்தோலைப் புதுக் காகிதத்தின்மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணியால் ஒற்றினால், துளைகளின் வழியே புள்ளிகள் இறங்கி உருவம் பதியும். நம் வீடுகளில் துளையிட்ட அச்சில் மாவு தூவிக் கோலமிடும் முறை போன்றதே இது. தந்தையின் தோல்கள் மகனுக்குச் சென்றன. மகனுடையவை பேரனுக்குச் சென்றன. ஆகவே அந்தக் கிழிந்த தோல்களும் கறைபடிந்த காகிதங்களும் குப்பை அல்ல. ஒரு பரம்பரையின் மூலதனம். வண்ணம் ஏறியபின் மறைந்துவிடும் கைத்திறன் அவற்றில் வெளிப்படையாக நிற்கிறது.

அதுவரை வடபாரதத்துச் சிற்றோவியங்கள் யாவும் பொதுவாக மொகலாயர் பெயராலேயே அழைக்கப்பட்டுவந்தன. மொகலாய அரசவை ஓவியம் வேறு, இராஜபுத்திர அரசுகளில் வளர்ந்த ஓவியம் வேறு என்று குமாரசுவாமி எடுத்துக்காட்டினார். முன்னது அரசர்களின் முகத்தையும் அவையையும் வேட்டையையும் பதிவு செய்வது. பின்னது பிருந்தாவனத்துக் கண்ணனையும் இராதையையும், இமயச் சாரலில் அம்மையோடும் மக்களோடும் அமர்ந்த சிவபெருமானையும், இராக இராகினிகளையும் பாடுவது. அந்தப் படங்களை அறிய அவற்றின் பின்னுள்ள கவிதைகளை அறியவேண்டும் என்று உணர்ந்து, வித்யாபதியின் பாடல்களை 1915-இல் நண்பரொருவர் துணையுடன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1916-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த இராஜபுத்திர ஓவியம் என்னும் நூல் இத்துறைக்கே அடித்தளமாயிற்று.

காசியில் எழாத அருங்காட்சியகம்

இத்தனை செல்வத்தையும் தமக்கென வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. காசியில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று எழுப்பப்படுமாயின், தம் திரட்டு முழுவதையும் நாட்டுக்கு அளிக்க முன்வந்தார். கங்கைக் கரையில், பக்தியும் கல்வியும் கூடும் நகரில், அந்தப் படங்கள் தம் மக்களிடையே இருக்கவேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு வேண்டிய பொருளைத் தர எவரும் முன்வரவில்லை. அடிமைப்பட்ட நாட்டில் அரசுக்கு அக்கறை இல்லை. செல்வம் படைத்தவர்களுக்கோ அதன் அருமை தெரியவில்லை.

அவ்வேளையில் முதல் உலகப்போர் மூண்டது. பாரதம் அடிமைப்பட்டிருக்கையில் ஆங்கிலேயப் படையில் சேர்ந்து போரிடக் குமாரசுவாமி உடன்படவில்லை. இங்கிலாந்தில் அவர் நிலை இடர்ப்பட்டது. அப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் அறங்காவலரான டென்மன் ராஸ் அவருடைய திரட்டை வாங்கி அந்த அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 1917-இல் அங்கு இந்தியக் கலைப்பிரிவின் காப்பாட்சியராகக் குமாரசுவாமி பொறுப்பேற்றார். திரட்டோடு திரட்டியவரும் கடல் கடந்தார்.

அந்த அருங்காட்சியகத்துக்கு ஆசியக் கலை புதிதன்று. 1902-இல் சுவாமி விவேகானந்தருடன் புத்தகயைக்குச் சென்ற ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா, பின்னர் அங்கே சீன, ஜப்பானியக் கலைப்பிரிவின் தலைவராக விளங்கி 1913-இல் மறைந்தார். அவர் கீழ்த்திசைக்காகத் திறந்துவைத்த வாயிலில் பாரதத்துக்கும் ஓர் இடம் இப்போது அமைந்தது.

காப்பாட்சியரின் தவம்

சிலையைக் காப்பதும் கோட்டோவியத்தைக் காப்பதும் ஒன்றல்ல. காகிதத்தில் அமைந்த படத்தை ஆண்டு முழுவதும் சுவரில் தொங்கவிட இயலாது. ஒளியே அதற்குப் பகை. இன்றைய அருங்காட்சியகங்களில் இத்தகைய படங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேற்படாத மங்கிய வெளிச்சமே பொதுவாக அனுமதிக்கப்படுகிறது. சில மாதங்கள் காட்சிக்கு வைத்தபின் அவற்றை அமிலமற்ற அட்டையில் பொதிந்து, மூடிய பெட்டிக்குள் இருளில் ஓய்வெடுக்க விடுகின்றனர். ஆகவே இப்பிரிவின் காப்பாட்சியர் செய்யும் வேலையில் பெரும்பகுதி பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. படத்தைக் கையில் எடுத்து, பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படித்து, அளந்து, எந்தக் காப்பியத்தின் எந்தக் காட்சி என்று தேர்ந்து, சிதறிய ஏடுகளுள் எது எதனோடு சேரும் என்று ஒப்பிட்டு, வரிசையெண் இட்டுப் பதிவேட்டில் எழுதுவதே அவர் கடமை. பதிவேட்டில் ஏறாத படம் உயிரோடிருந்தும் ஊரார் அறியாத மனிதனைப் போன்றது.

குமாரசுவாமி இந்தப் பணியை எவ்வாறு செய்தார் என்பதற்கு அவர் விட்டுச்சென்ற அட்டவணைத் தொகுதிகளே சான்று. 1923-இல் சிற்பங்களைப் பற்றிய தொகுதி வெளிவந்தது; 1924-இல் சமண ஓவியங்களும் சுவடிகளும்; 1926-இல் இராஜபுத்திர ஓவியம்; 1930-இல் மொகலாய ஓவியம். மொகலாய மரபை இராஜபுத்திர மரபினின்று பிரித்துக்காட்டியவர் அவரே எனினும், அதற்குரிய மதிப்பைக் குறைக்காமல் அதே கவனத்தோடு பட்டியலிட்டார்.

பழைமையைப் போற்றியவர் புதுமைக்குப் பகைவர் என்று எண்ணவேண்டா. நிழற்படம் கலையாகுமா என்று பலரும் ஐயுற்ற காலத்தில், அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்களை 1924-இல் பாஸ்டன் அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டதற்குக் குமாரசுவாமியின் முயற்சியே காரணம். கருத்தோடும் திறத்தோடும் செய்யப்பட்ட எதுவும், தூரிகையால் ஆயினும் கருவியால் ஆயினும், அவர் பார்வையில் மதிப்புக்குரியது.

காட்சிப்பொருளும் பூசைப்பொருளும்

1930-களில் அவர் எழுத்து கலையிலிருந்து மெய்ப்பொருளை நோக்கித் திரும்பியது. வேதங்கள், உபநிடதங்கள், பாலி நூல்கள், பிளேட்டோ, இடைக்காலக் கிறித்தவ ஞானியர் ஆகிய யாவற்றையும் மூலமொழிகளில் ஆராய்ந்து, அவற்றிடையே ஓடும் ஒரே உண்மையை எடுத்துக்காட்டினார். 1933 முதல் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. இல்வாழ்க்கையில் பிரிவுகள் பலவற்றைக் கண்ட அவருக்கு, 1930-இல் மணந்த லூயிசா இறுதிவரை துணைநின்றார்.

அருங்காட்சியகத்திலேயே வாழ்நாளைக் கழித்த அவர், அருங்காட்சியகத்தைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து வியப்புக்குரியது. கலைப்பொருள் எதுவும் காட்சிக்கென்று பிறப்பதில்லை என்பது அவர் முடிவு. விளக்கு ஏற்றுவதற்கு, குடம் முகப்பதற்கு, திருவுருவம் வழிபடுவதற்கு, ஓவியம் பாட்டோடு சேர்த்துத் தியானிப்பதற்கு. அவை பிறந்த வாழ்க்கை சிதைந்தபோதுதான் அருங்காட்சியகம் தேவைப்படுகிறது. அது வீடிழந்த பொருள்களுக்கு அடைக்கலம் தரும் சத்திரம். அங்கு வருவோர் கண்ணுக்கு இன்பம் பெற்றுப் போவது போதாது. அப்பொருளைச் செய்தவன் என்ன நினைத்தான், பயன்படுத்தியவர் எதை நாடினர் என்பதை அறிந்து போகவேண்டும். அதை உணர்த்துவதே காப்பாட்சியரின் முதற்கடமை என்று 1943-இல் வெளியிட்ட நூலொன்றில் அவர் வலியுறுத்தினார்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவருடைய முப்பது ஆண்டு உழைப்பின் பொருள் விளங்குகிறது. படங்களை அவற்றின் மண்ணிலேயே வைத்திருக்க அவரால் இயலவில்லை. ஆகவே அந்த மண்ணின் பொருளை எழுத்தாக்கிப் படங்களோடு அனுப்பிவைத்தார். பாஸ்டனில் ஒருவர் கண்ணனின் படத்தைக் கண்டு அழகிய இளைஞன் என்று மட்டும் எண்ணிச் சென்றுவிடாதபடி தடுக்கும் காவலாக அவருடைய நூல்கள் நிற்கின்றன.

பிற்கால ஆய்வின் ஒளியில்

முன்னோடிகளின் முடிவுகள் யாவும் அப்படியே நிலைத்துவிடுவதில்லை. இலங்கை முற்றுகையைக் காட்டும் பெரிய அளவிலான இராமாயணப் படவரிசை ஒன்றைக் குமாரசுவாமி வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். சில ஏடுகளில் வண்ணம் நிறைந்திருக்கும். சிலவற்றில் கோடுகள் மட்டுமே இருக்கும். ஏதோ காரணத்தால் வரிசை முற்றுப்பெறவில்லை. அதனை ஜம்முப் பகுதிக்கு உரியதென்றும் பதினேழாம் நூற்றாண்டினதென்றும் அவர் கருதினார். குலேர் என்னும் சிற்றரசில் வாழ்ந்த மானக்கு என்னும் ஓவியர் 1725-ஆம் ஆண்டையொட்டி அதனை உருவாக்கினார் என்பது இன்றைய ஆய்வாளர் கொள்கை.

இத்திருத்தத்துக்கு வழிகண்டவர் 2023-இல் மறைந்த பேராசிரியர் பி. என். கோஸ்வாமி. ஹரித்துவாரம் முதலிய தலங்களில் பண்டாக்கள் வைத்திருக்கும் யாத்திரிகர் பதிவேடுகளை அவர் புரட்டினார். நீத்தார் கடனுக்கும் நீராடலுக்கும் வந்த ஓவியர்கள் தம் ஊரும் தந்தை பெயரும் பாட்டனார் பெயரும் அவற்றில் எழுதிவைத்திருந்தனர். பண்டித சேவு, அவர் மக்கள் மானக்கு, நைன்சுக், அவர்கள் வழித்தோன்றல்கள் என ஒரு குடும்பமே ஒளிபெற்று எழுந்தது. மொகலாய மரபுக்கும் இராஜபுத்திர மரபுக்கும் இடையே குமாரசுவாமி கருதியதைவிட மிகுந்த கொடுக்கல் வாங்கல் இருந்ததும் தெளிவாயிற்று. எனினும் இத்தனை ஆய்வும் நடப்பதற்குப் படங்கள் எஞ்சியிருக்கவேண்டுமல்லவா? தம் முடிவுகளைத் திருத்தத் தேவையான சான்றுகளையும் சேர்த்தே காத்துவைத்தவர் அவர்.

நிறைவேறாத பயணம்

1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் பாரதம் விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பாஸ்டனில் நண்பர்கள் அளித்த விருந்தில், பணியிலிருந்து ஓய்வுபெற்று மனைவியுடன் பாரதம் திரும்பி, இமயத்தின் அருகே தவ வாழ்வில் ஒடுங்க எண்ணியிருப்பதாக அவர் அறிவித்தார். உலகெங்குமுள்ள அறிஞர்கள் வாழ்த்துக் கட்டுரைகள் எழுதினர். பரத ஐயர் தொகுத்த மலரொன்று லண்டனில் வெளிவந்தது. மலாயாவில் ஆசிரியராக இருந்த துரைராஜசிங்கம் என்னும் தமிழன்பர் அவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதையே வாழ்நாட்பணியாகக் கொண்டார். தம் வாழ்க்கை வரலாறு எழுதப்படுவதைக் குமாரசுவாமி விரும்பியதில்லை. பெயர் பொறிக்காத ஓவியர்களைப் போற்றியவர் தம் பெயர் விளங்கவேண்டும் என்று எண்ணுவாரா?

இமயப் பயணம் நிகழவில்லை. செப்டம்பர் 9-ஆம் நாள், பாஸ்டனை அடுத்த நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார்.

பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அவர் வழியாக வந்த படங்கள் ராஸ்-குமாரசுவாமி திரட்டு என்னும் பெயரில் உள்ளன. அவற்றின் வரிசையெண்கள் 17 என்று தொடங்குகின்றன. 1917-ஆம் ஆண்டு வரவு என்பது அதன் பொருள். அந்த எண்ணைக் காணும் பாரத மக்களுக்கு இரண்டு உணர்ச்சிகள் எழுவது இயல்பு. இவை காசியில் இருந்திருக்க வேண்டியவை என்னும் வருத்தம் ஒன்று. இவை அழியாமல் இருக்கின்றனவே என்னும் நன்றி மற்றொன்று. வருத்தத்துக்குக் காரணம் அவர் அல்லர், கேட்டபோது கொடாதவர்களே. நம் ஊர்க் கோயில்களிலும் மடங்களிலும் பழைய வீடுகளின் பரண்களிலும் இன்னும் எத்தனையோ ஏடுகளும் படங்களும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றைத் தூசி தட்டி, இன்னது என்று அறிந்து, எழுதிவைக்கும் ஒவ்வொரு கையும் அப்பெரியாரின் பணியைத் தொடர்கின்ற கையே ஆகும்.